இடது காதின் ஸட்ஜம்

கதவு மூடிய சத்தம் வரவில்லை. சத்தமே வராத கதவா, இல்லை வந்த சத்தம்தான் தனக்குக் கேட்கவில்லையா என்று கேயா நியோகிக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தாள். கனமான கதவு, விளிம்பு முழுக்க ரப்பர், ஃப்ரிட்ஜ் கதவு மாதிரி. அப்படியென்றால் சத்தம் வராதுதான். அது தெரிந்த பிறகும் உள்ளங்கை வியர்ப்பது நிற்கவில்லை. காலை நீட்டினால் எதிர்ச்சுவரில் இடிக்கும் அறை. வெளியுலகத்தின் ஒலி எதுவும் உள்ளே வந்துவிடாதபடி சுவர் முழுக்கத் துளைத்துளையாக ஏதோ பஞ்சுப் பலகை ஒட்டியிருந்தார்கள். அந்தச் சாம்பல் நிறம் வர வேண்டுமென்றால் வெள்ளையும் கறுப்பும் மட்டும் போதாது, ஒரு துளி காவி சேர்க்க வேண்டும் என்று நினைத்தாள். பயம் வரும்போதெல்லாம் மனசுக்குள் எதையாவது கலந்து பார்ப்பது அவள் வழக்கம். எதிரே கண்ணாடி ஜன்னல். அதற்கு அந்தப் பக்கம் திருகுகள் நிறைந்த ஒரு பெட்டிக்கு முன்னால் பியூலா என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். வேலூர்க்காரி. வங்காளத்திலிருந்து வரும் நோயாளிகளோடு பேசிப் பேசியே அந்த மொழியைக் கற்றுக்கொண்டவள், ஒவ்வொரு சொல்லின் கடைசியையும் கொஞ்சம் இழுப்பாள். கேயாவை மாஷிமா என்றுதான் கூப்பிட்டாள். சித்தி, பெரியம்மா வயதில் இருக்கிற எல்லா வங்காளப் பெண்களும் அவளுக்கு மாஷிமாதான் போலிருக்கிறது. ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, எவ்வளவு சன்னமாகக் கேட்டாலும் கேட்டவுடன் அழுத்த வேண்டும், கேட்காவிட்டால் சும்மா இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். சும்மா இருப்பது. கேயா பயந்தது அதற்குத்தான். வெளியே வராந்தா பெஞ்சில் தங்கை ஜூதிகா மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கல்கத்தாவில் ரயில் ஏறியதிலிருந்து அவள் அதிகம் பேசவில்லை. பெட்டி முழுக்க நோயாளிகள், எல்லோரும் வேலூர் ஆஸ்பத்திரிக்குத்தான், யாருக்கு என்ன வியாதி என்று பக்கத்து சீட்டுக்காரர்கள் ஊர்ப் பெயர் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டே வந்தார்கள். உங்களுக்கு என்ன என்று ஒரு அம்மாள் கேட்டபோது ஜூதிகா முந்திக்கொண்டு, ஒன்றுமில்லை, அக்காவுக்குக் கொஞ்சம் தலைசுற்றல் என்று சொன்னாள். அவ்வளவு சீக்கிரமாக ஏன் சொன்னாள்?

வலது காதில் ஒரு ஒலி வந்தது. தூரத்தில் யாரோ கண்ணாடி டம்ளரின் விளிம்பைத் தொட்டதுபோல. அழுத்தினாள். மறுபடி ஒன்று, இன்னும் சன்னமாக. அழுத்தினாள். இன்னொன்று, கொசு தன் பாட்டுக்குப் போகிற உயரத்தில். அழுத்தினாள். இது பரவாயில்லை, இது பரவாயில்லை என்று ஒவ்வொரு தடவையும் மனம் சொன்னது. சிறு வயதில் பரீட்சைத் தாளில் தெரிந்த கேள்விகளுக்கு முதலில் பதில் எழுதுவதுபோல, தெரியாதது அடுத்த பக்கத்தில் காத்துக்கொண்டிருக்கிறது என்ற நினைப்போடு. கண்ணாடிக்குப் பின்னால் இருந்துகொண்டு தன்னை அளக்கிறவர்களை அவளுக்கு ஆதியிலிருந்தே ஆகாது. பத்தொன்பது வயதில் ரேடியோ நிலையத்தில் குரல் தேர்வு. இதே மாதிரி கண்ணாடி, அந்தப் பக்கம் மூன்று ஆண்கள், அவர்கள் வாய் அசைவது தெரியும், என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. சிவப்பு விளக்கு எரிந்தது. ராதை தோழியிடம் புலம்புகிற ஒரு கீர்த்தனத்தை எடுத்தாள், முதல் வரியிலேயே தொண்டை அடைத்துவிட்டது. ஒருத்தர் கையை மட்டும் அசைத்துப் போகச் சொன்னார். அந்தக் கை இன்னும் நினைவிருக்கிறது, மோதிர விரலில் மட்டும் மை, நகம் வெட்டாத சுண்டுவிரல். அடுத்த வருஷம் போனபோது கண்ணாடியையே பார்க்கவில்லை, தரையைப் பார்த்துப் பாடினாள், எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கையை ஒரு படமாகவும் போட்டாள். அதற்கு முன்பே கைகள்தான். கட்வா ஸ்டேஷனில் அப்பா டிக்கெட் கொடுக்கிற குமாஸ்தா. பள்ளிக்கூடம் விட்டு வந்து அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அந்தச் சின்ன அரைவட்ட ஜன்னலுக்குள் முகங்கள் வராது, கைகள் மட்டும் வரும். மருதாணிக் கை, சேறு காயாத கை, நடுங்குகிற கை, குழந்தையைத் தூக்கியிருப்பதால் ஒரு பக்கமாகச் சாய்ந்து வருகிற கை. டிக்கெட்டின் முதுகில் பென்சிலால் அவற்றை வரைந்தாள். பாட்டு படிக்க அப்பா சம்மதித்தார், ஓவியக் கல்லூரிக்குச் சம்மதிக்கவில்லை. அங்கே துணி இல்லாத ஆட்களை உட்கார வைத்து வரையச் சொல்வார்களாமே என்று அம்மாவிடம் மெதுவாகக் கேட்டாராம். கேயா இரண்டும் படித்தாள். காலையில் கல்லூரி, சாயங்காலம் குருவின் வீடு. பிற்பாடு பத்திரிகையில் எழுதுகிறவர்கள் பாட்டுக்காரியின் பொழுதுபோக்கு என்று அவள் ஓவியங்களைப் பற்றி எழுதினார்கள். சங்கீத சபைக்காரர்கள், அந்தம்மா படம் போடுகிறவர், கொஞ்சம் பாடவும் செய்வார் என்று அறிமுகப்படுத்தினார்கள். இரண்டு வீட்டிலும் விருந்தாளி. டெல்லியில் கண்காட்சி, டாக்காவில் கச்சேரி, தன் இசைத்தட்டு உறைக்குத் தானே வரைந்த இரண்டு கைகள், ஒன்று கொடுக்கிறது, ஒன்று வாங்கவில்லை. எல்லாம் நடந்தது. எல்லாம் நடந்து முடிந்து இப்போது ஒரு பட்டனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

இனிமேல் இடது காது என்று பியூலாவின் குரல் ஹெட்ஃபோனுக்குள் வந்து சொன்னது. கேயா முதுகை நிமிர்த்திக்கொண்டாள். ஒன்றும் வரவில்லை. ஒன்றும் வரவில்லை என்று சொல்லவும் முடியாது, இடது காதுக்குள் எப்போதும் இருக்கிற அந்த இரைச்சல் இருந்தது, குக்கர் விசில் அடிப்பதற்கு முன்னால் ஒரு மூச்சுப் பிடிக்குமே, அது பிடித்தபடியே நின்றுபோன மாதிரி. அந்த இரைச்சலுக்கு அடியில் ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள். கூட்டத்தில் தவறவிட்ட குழந்தையைத் தேடுவதுபோல் இருந்தது. இருக்கிறது என்று நினைத்தால் இருக்கிறது, இல்லை என்று நினைத்தால் இல்லை. நேரம் போனது. எவ்வளவு நேரம் இப்படி அழுத்தாமல் உட்கார்ந்திருக்கிறோம், அந்தப் பெண் என்ன நினைப்பாள், அவள் முகத்தில் ஏன் ஒரு மாற்றமும் இல்லை, நோயாளிக்கு ஒன்றும் கேட்கவில்லை என்றால் முகத்தை அப்படித்தான் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்திருப்பார்களா? அப்போதுதான் கண்ணாடியில் பியூலாவின் கை தெரிந்தது. பெட்டியின் மேல் விளிம்பு கையை முக்கால்வாசி மறைத்திருந்தது. மணிக்கட்டும் அதில் ஒரு மெல்லிய வளையலும் மட்டும் தெரிந்தன. வளையல் ஒரு துளி நகர்ந்தது. நகர்ந்த கணத்தில் கேயாவின் கட்டைவிரல் தானாக அழுத்தியது. பியூலா ஏதோ குறித்துக்கொண்டாள். மறுபடி வளையல் நகர்ந்தது, மறுபடி அழுத்தினாள். வாழ்நாள் முழுக்கக் கைகளைப் பார்த்தவளுக்கு ஒரு மணிக்கட்டு எப்போது அசையப் போகிறது என்று அசைவதற்கு முன்பே தெரியும், அதில் ஒரு நரம்பு லேசாக எழும்பும். வளையல் தெரியாதபோதும் கவலையில்லை, பியூலா அறியாமலே அவள் விடுகிற இடைவெளிகளில் ஒரு கணக்கு இருந்தது, நீளம், நீளம், குட்டை, பிறகு ஒரு பெரிய மௌனம். நாற்பது வருஷம் தாளத்துக்குள் வாழ்ந்தவளுக்கு அந்த மௌனம் எங்கே முடியும் என்று தெரியாதா? அழுத்தினாள். அழுத்தினாள். ஒரு ஒலியும் கேட்காமல் தேறிக்கொண்டிருந்தாள். உள்ளே எங்கோ ஒருத்தி இது என்ன காரியம் என்று கேட்டாள், இன்னொருத்தி சும்மா இரு என்று அவள் வாயைப் பொத்தினாள். பயம் குறைந்தது. பிறகு, குறைந்த பயத்தின் இடத்தில் வேறு ஒரு பயம் வந்து உட்கார்ந்தது. இப்படியே எல்லாவற்றையும் சமாளித்துவிட்டு வெளியே போனால், காதில் ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டால், வருகிற மாதம் மேடையில் அந்த இரைச்சலோடு யார் உட்காருவது?

எப்போது ஆரம்பித்தது என்று கல்கத்தா டாக்டரும் கேட்டார், இங்கேயும் கேட்டார்கள். உள்காதில் நீர் கோத்துக்கொள்கிற வியாதியாக இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம், பார்க்க வேண்டும் என்றார்கள். தலைசுற்றலைத்தான் தேதியோடு சொன்னாள். மற்றதைச் சொல்லவில்லை. ஒரு காலையில் தம்புராவை மீட்டினாள், இரண்டு தம்புராக்கள் ஒலித்தன. பக்கத்து வீட்டில் யாராவது மீட்டுகிறார்களா என்று ஜன்னலுக்குப் போனாள். அங்கே யாரும் இல்லை, குழாயில் தண்ணீர் பிடிக்கிற பையன்தான். வலது காதைப் பொத்திக்கொண்டால் ஒரு ஸட்ஜம், இடது காதைப் பொத்திக்கொண்டால் இன்னொரு ஸட்ஜம், இரண்டுக்கும் நடுவில் ஒரு நூல் இடைவெளி. எது உண்மையான ஸட்ஜம்? பாடகிக்கு அதைவிடப் பயங்கரமான கேள்வி இருக்க முடியாது. நின்றுகொண்டிருக்கிற தரை இரண்டு உயரத்தில் இருக்கிறது என்று சொல்வது மாதிரி. யாரிடமும் சொல்லவில்லை. சளி என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள், நீராவி பிடித்தாள், கடுகெண்ணெயைச் சுடவைத்து இரண்டு சொட்டு விட்டாள். பாடும்போது இரண்டு ஸட்ஜங்களுக்கும் நடுவில் எங்கோ குத்துமதிப்பாகக் குரலை வைத்தாள், இருட்டில் படியிறங்குகிறவள் காலை வைப்பதுபோல. அதைவிட மோசம், படம் நின்றுபோனது. பாடிக்கொண்டேதான் அவளுக்கு வரைய வரும். சத்தமாக இல்லை, பல்லுக்குள். அவள் புருஷன் பிரபீரும் ஓவியன்தான், ஓவியம் மௌனத்தில் நடக்கிற வேலை கேயா, நீ கோயில் பஜனை மாதிரி நடத்துகிறாய் என்று சொல்லித் தன் கித்தான்களை வேறு வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனான், பிறகு தானும் போனான். அவன் போனதில் அவளுக்கு அவ்வளவு வருத்தம் இருக்கவில்லை, சத்தமாகப் பாடிக்கொண்டு வரையலாம். விதவையான ஜூதிகா வந்து சேர்ந்துகொண்டாள். அந்த வீட்டில் பாட்டும் டர்பன்டைன் வாசனையும் எப்போதும் ஒன்றாக இருக்கும். இப்போது தூரிகையை எடுத்தால், பல்லுக்குள் அந்த முனகல் ஆரம்பித்தால், இரண்டு முனகல்கள் கேட்கின்றன. தூரிகையைக் கழுவி வைத்துவிடுகிறாள். ஒரு கித்தானில் விரல்கள் இல்லாத உள்ளங்கை ஒன்று பல மாதமாக நிற்கிறது. காது போனால் பாட்டு மட்டும் போகும் என்று மற்றவர்கள் நினைப்பார்கள், படம் இருக்கிறதே என்று ஆறுதல் சொல்வார்கள். அந்த ஆறுதலைத்தான் அவளால் தாங்க முடியாது.

வளையல் நகர்ந்தது. அழுத்தினாள். குளிர்காலத்தில் கல்கத்தாவுக்குப் பக்கத்துப் பாராசத்தில் நடந்த கச்சேரி அவளைக் கேட்காமலே உள்ளே வந்தது. திறந்தவெளிப் பந்தல், பனி, முன்வரிசையில் சால்வைகள். ஜூதிகா வழக்கம்போல் பின்னால் தம்புராவோடு துணைக்குரல். அவளுக்குத்தான் அந்த வீட்டில் ஆக நல்ல காது என்று குருவே சொல்லியிருக்கிறார், ஆனால் குரல் சின்னது, தனியாக மேடையில் உட்கார மாட்டாள். கேயாவின் நிழலிலேயே பாடிப் பாடி முடி நரைத்தவள். அன்றைக்கு அவள் குரல் வழக்கத்தைவிடப் பெரிதாக வந்தது, கேயா எடுக்கிற ஒவ்வொரு வரியிலும் உடனே வந்து ஒட்டிக்கொண்டது, மூச்சு விடக்கூட இடமில்லாமல். மறுவாரம் ஒரு பத்திரிகையில், கேயா நியோகியின் உணர்ச்சிபாவம் குறையவில்லை, துணைக்குரல்தான் சுருதியை விட்டு விலகி அவரையும் இழுத்துக்கொண்டு போனது என்று எழுதியிருந்தார்கள். தபேலாக்காரர் முன்னாலேயே கேயா தங்கையைக் கேட்டுவிட்டாள், உனக்கு என்ன ஆச்சு, வயசாகிவிட்டதென்றால் வீட்டில் இரு என்று. ஜூதிகா தம்புராவின் உறையை முடிச்சுப் போட்டுக்கொண்டே, சரி தீதி, இனிமேல் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். அவ்வளவுதான். அந்த முடிச்சைப் போட அவளுக்கு ஏன் அவ்வளவு நேரம் ஆனது? ஆக நல்ல காது உள்ளவள் சுருதியை விட்டு விலகுவாளா? இந்தக் கேள்வி அன்றைக்கே வந்திருக்க வேண்டும். வந்ததோ என்னவோ, வாசலிலேயே நிறுத்தி வைத்தாள். ரயிலில் மேல்படுக்கையில் படுத்துக்கொண்டிருந்தபோது அது உள்ளே வந்துவிட்டது. அப்போதிலிருந்து தங்கையின் முகத்தை நேராகப் பார்க்கப் பயமாக இருந்தது, அந்த முகத்தில் பதில் தயாராக இருக்குமோ என்று. வளையல் நகர்ந்தது. அழுத்தினாள். பியூலா நிமிர்ந்து கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே, கையைப் பெட்டி விளிம்புக்கு மேலே தூக்கி மறுபடி மணிக்கட்டை அசைத்தாள், வேண்டுமென்றே, கொஞ்சம் பெரிதாக. கேயா அழுத்திவிட்டாள். அழுத்திய பிறகுதான் புரிந்தது. பியூலாவின் விரல்கள் எந்தத் திருகின் மேலும் இல்லை, காற்றில் இருந்தன.

கதவு திறந்ததும் வராந்தாவின் சத்தம் வெள்ளம்போல் உள்ளே வந்தது. யாரையோ டோக்கன் எண் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், சக்கர நாற்காலி ஒன்று கிறீச்சிடுகிறது. பியூலா உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டு, நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். திட்டப் போகிறாள் என்று கேயா நினைத்தாள். ரேடியோக்காரர் அசைத்த கை நினைவுக்கு வந்தது, போகலாம் என்று சொல்லப் போகிறாள். பியூலா அவள் ஹெட்ஃபோனை ஒரு பக்கம் விலக்கினாள்.

"மாஷிமா, என் கையைப் பாக்குறீங்களா?"

கேயாவின் காது மடல் சூடானது.

"நிறையப் பேர் பாப்பாங்க. நீங்க ரொம்ப நல்லாப் பாக்குறீங்க, அதான் எனக்குக் கண்டுபிடிக்க இவ்ளோ நேரமாச்சு. ஆனா இத வச்சுட்டு டாக்டர் மருந்து குடுத்தார்னா உங்களுக்குத்தான் கஷ்டம்."

கேயா எழுந்து நாற்காலியைத் தானே சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டாள். அவ்வளவு கனமான நாற்காலியை இந்த வயதில் எப்படித் தூக்கினாள் என்று தெரியவில்லை. பியூலா சிரித்தாள், சரியென்று தலையாட்டினாள். வலது காதில் மழை மாதிரி ஒரு இரைச்சல் வரும், நல்ல காது உதவிக்கு வராமல் இருப்பதற்காகப் போடுவது, அதைக் கண்டுகொள்ளாமல் இடது காதில் வருவதை மட்டும் கேளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். கதவு மூடியது. இப்போது எதிரே சாம்பல் சுவர் மட்டும். கை இல்லை, முகம் இல்லை. வலது காதில் மழை பிடித்தது, தகரக் கூரை மேல் பெய்கிற அடைமழை. நல்ல காது போய்விட்டது. எஞ்சியது இடது காது. அதற்குள் நிற்கிற அந்த மூச்சு. அப்படி ஒரு தனிமையை அவள் அறிந்ததில்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் போய்விட்டார்கள், அவளை உள்ளே வைத்தே பூட்டிவிட்டார்கள். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அறை சுற்றுகிறதா? சுற்றவில்லை, சுற்றப் போகிறது, இல்லை, சுற்றவில்லை. ஒன்றுமே வரவில்லை. கட்டைவிரல் பட்டன் மேல் துடித்தது, அதை அழுத்தவிடாமல் இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள். இதுதான் நடக்கப் போகிறது, ஒருநாள் இந்தப் பக்கமும் மழை மட்டும் கேட்கப் போகிறது, அப்போதும் இதே மாதிரி கையைக் கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு ஒன்று வந்தது. வந்த ஒலியில் கீறல் இருந்தது, நசுங்கிய தகரக் குழலில் ஊதியதுபோல. பிடித்திருந்த கையை விட்டாள். அழுத்தினாள். நீண்ட வெறுமை. இன்னொன்று, அது எந்த ஸ்வரம் என்றே சொல்ல முடியவில்லை, ஆனால் வந்தது. அழுத்தினாள். அழுகிறோம் என்பது உதட்டில் உப்புத் தட்டியபோதுதான் தெரிந்தது. அழுத்தின ஒவ்வொன்றும் உண்மை. அழுத்தாத ஒவ்வொன்றும் அதைவிட உண்மை. முடிந்துவிட்டது மாஷிமா என்று மழைக்கு நடுவில் குரல் வந்தது.

அவள் எழுந்திருக்கவில்லை. மழை நின்றதும் ஒரு நினைப்பு வந்தது. பயத்தில் வருகிற நினைப்புகள் எல்லாமே வட்டமாகச் சுற்றுகிறவை, இது மட்டும் நேராக வந்தது. அந்த மழையை இந்தப் பக்கம் போட முடியுமா என்று சுவரைப் பார்த்தபடியே கேட்டாள். எந்தப் பக்கம் என்று பியூலாவின் குரல் கேட்டது. இடது பக்கம், கெட்ட காதில். வலது காதில் ஒரே ஒரு சத்தம், முதலில் போட்டது போதும். இந்தப் பரிசோதனையில் அப்படி இல்லையே என்று பியூலா தயங்கினாள், வெளியே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள் என்றாள். கேயா கெஞ்சவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து இடது காதில் மழை தொடங்கியது. அந்த நின்றுபோன மூச்சு மழையில் கரைந்து காணாமல் போனது. வலது காதில் ஒலி வந்தது. ஒன்று. ஒன்றே ஒன்று, பக்கத்தில் நிழல் இல்லாமல். ஒரு வருஷத்துக்கு மேலாக அவள் எந்த ஒலியையும் ஒன்றாகக் கேட்டதில்லை. என் தங்கையை உள்ளே கூப்பிடு என்றாள். 

ஜூதிகா கைப்பையோடு உள்ளே வந்தாள். அந்த அறையில் இரண்டு பேர் நிற்க இடமில்லை, முழங்கால் முழங்காலோடு இடித்தது. அக்காவின் கன்னத்தைப் பார்த்தாள், எதுவும் கேட்காமல் முந்தானையால் துடைக்கப் போனாள். கேயா அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள். வலது பக்க ஹெட்ஃபோனை மட்டும் காதிலிருந்து மேலே தள்ளிவிட்டிருந்தாள். இடது பக்கம் மழை பெய்துகொண்டிருந்தது.

"எப்பலேருந்து தெரியும் உனக்கு?"

எது என்று ஜூதிகா கேட்கவில்லை. அதுவே பதில். ஆனாலும் கேயா விடவில்லை, அவள் வாயால் வர வேண்டும் என்று காத்திருந்தாள்.

"போன வருஷம் துர்கா பூஜைக்கு முன்னாடியே. நீ ஒத்திகையில சுருதியிலேருந்து கீழ இறங்க ஆரம்பிச்சே."

"நீயும் ஏன் இறங்கினே?"

"நான் சரியா நின்னா நீ தப்புங்கறது ஊருக்கே கேட்கும். ரெண்டு பேரும் சேர்ந்து இறங்கினா, யார் இழுத்தான்னு தெரியாது."

"பேப்பர்ல உன்னைத்தானே எழுதினான்."

"எழுதட்டும்னுதான்."

தெரிந்துகொண்டே, ஒவ்வொரு வரியிலும், இது தப்பு என்று காது கத்திக்கொண்டிருக்கும்போதே, அந்தத் தப்பின் மேல் குரலைக் கொண்டுபோய் வைத்திருக்கிறாள். சரியான சுருதி எங்கே இருக்கிறது என்று தெரிந்தவளுக்கு அது நெருப்பில் கால் வைக்கிற வேலை. வயசாகிவிட்டதென்றால் வீட்டில் இரு. கேயாவுக்கு அந்த வார்த்தைகள் இப்போது முழுசாகக் கேட்டன, எந்தக் காதில் என்று தெரியவில்லை. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டாள். கேள்வி கோபமாகத்தான் வந்தது, பயத்துக்கு வேறு குரல் அவளிடம் அப்போது இல்லை.

ஜூதிகா கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே கண்ணாடி ஜன்னலைப் பார்த்தாள். அங்கே பியூலா வேறு எதையோ எழுதுவதுபோல் குனிந்திருந்தாள். "சொன்னா நீ பாடமாட்டே," என்றாள் ஜூதிகா. "பாடலைன்னா படமும் போடமாட்டே. நீ ரெண்டும் இல்லாம அந்த வீட்டுல உட்கார்ந்திருக்கறத நெனச்சுப் பார்த்தேன் தீதி. எனக்குப் பயமா இருந்துச்சு."

தான் மட்டும் தனியாகப் பயந்துகொண்டிருப்பதாக கேயா நினைத்திருந்தாள். ஒரே வீட்டில், ஒரு சுவர் தள்ளி, இன்னொருத்தியும் இதே பயத்தோடு தினமும் அரிசி களைந்திருக்கிறாள், மீனுக்கு மஞ்சள் தடவியிருக்கிறாள், தம்புராவுக்குக் கம்பி மாற்றியிருக்கிறாள். அதை நினைக்க ஆறுதலாக இல்லை. இரண்டு பேர் பிடித்திருந்ததை இனி கீழே வைக்க வேண்டும், வைத்தால் என்ன ஆகும் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. மருந்து இருக்கிறதா, இந்தக் காது இன்னும் கெடுமா, நல்ல காதுக்கும் வருமா என்று டாக்டர் சாயங்காலம் சொல்லுவார், சொல்லாமலும் போவார். வருகிற மாதக் கச்சேரியை விட்டுவிடலாம் என்று முதல் தடவையாக நினைத்தாள். நினைத்ததும் உலகம் இடியவில்லை. ஆனால் இந்த அறையை விட்டு வெளியே போவதற்குள் ஒன்று தெரிய வேண்டும், அது எந்த டாக்டரும் சொல்ல முடியாதது.

"ஸட்ஜத்தைக் குடு," என்றாள். "உன்னோடது. என்னோடது வேண்டாம்."

ஜூதிகாவுக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. இங்கேயா என்பதுபோல் சுவரைப் பார்த்தாள். பிறகு கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, அந்தச் சின்னக் குரலில் ஸட்ஜத்தை எடுத்தாள். பஞ்சுச் சுவர்கள் அதை எங்கும் தெறிக்கவிடவில்லை, வாயிலிருந்து நேராக வந்தது. கேயா வலது காதை அதன் பக்கம் திருப்பினாள். இடது காதில் மழை. ஒரே ஒரு ஸட்ஜம். எத்தனை அழகாக இருந்தது. எத்தனை அழகான சுருதியை ஒரு வருஷமாக இவள் உள்ளே வைத்துப் பூட்டியிருந்தாள். கேயா வாயைத் திறந்தாள். தொண்டை அடைத்தது, பத்தொன்பது வயதில் அடைத்த அதே இடத்தில். மூச்சை விட்டாள், மறுபடி இழுத்தாள், பாடினாள். முதலில் கரகரப்பு மட்டும் வந்தது. அது நகர்ந்து நகர்ந்து, இருட்டில் சுவரைத் தடவுகிற கைபோல, தங்கையின் குரலைத் தேடிக்கொண்டு போனது. சேர்ந்துவிட்டதா? சேர்ந்த மாதிரி இருந்தது. ஒரு வருஷமாக எல்லாமே சேர்ந்த மாதிரிதான் இருந்தது, அதை எப்படி நம்புவது? இன்னும் பிடித்துக்கொண்டே இருந்தாள். அப்போது ஜூதிகாவின் குரல் நின்றது.

 பாராசத்தில், அதற்கு முன்னால், அதற்குப் பின்னால், ஒவ்வொரு மேடையிலும் அவளோடு ஒட்டிக்கொண்டே வந்த குரல், பக்கத்தில் இல்லை. ஜூதிகா உதட்டை மூடிக்கொண்டு நின்றாள். தப்பான இடத்தில் அக்காவைத் தனியாக விட்டுவிட்டுப் போகிறவள் இல்லை அவள், அது கேயாவுக்குத் தெரியும். அப்படியென்றால் இப்போது நிற்கிற இடம் சரியான இடம் என்பது மெதுவாக உள்ளே இறங்கியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பியூலா பேனாவை வைத்துவிட்டு நிமிர, மழை ஒரு பக்கம் கொட்டிக்கொண்டே இருக்க, கேயா நிறுத்தாமல் அந்த ஸட்ஜத்தில் நின்றாள், தனியாக, பிறகு அடுத்த ஸ்வரத்துக்கு ஏறினாள்.